குமிழி வரும் குழாயில் கிளாம்ப் போடாதீர்கள்

வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். ஓர் இளைஞரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போகச் சொன்னார்கள். வலது நுரையீரல் சுருங்கி, முந்தைய நாள் இரவுதான் அவர் நெஞ்சில் குழாய் போட்டிருந்தார்கள். போகிற வழியில் அந்தக் குழாயின் மறுமுனை இருக்கும் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிடக் கூடாது, காற்று உள்ளே போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் யாரோ குழாயில் இரண்டு கிளாம்ப் (குழாயை நெரித்து மூடும் இடுக்கி) மாட்டி, பாட்டிலைத் தூக்கி அவர் கால்களுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். நானும் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன்.

லிஃப்டுக்காகக் காத்திருந்தபோது அவர் என் கையை இறுகப் பிடித்தார். "சிஸ்டர், மூச்சு முட்டுது." நெற்றியெல்லாம் வியர்வை. வார்டை விட்டுக் கிளம்பும்போது 80 இருந்த பல்ஸ் 130-ஐத் தாண்டியிருந்தது. எதிரே வந்த சீனியர் சிஸ்டர் குழாயைப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பாட்டிலைத் தரைப்பக்கம் இறக்கினார், இரண்டு கிளாம்பையும் கழற்றினார். கொதிக்கிற தண்ணீர் போலக் குமிழிகள் புரண்டு வந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது.

அன்று அவருக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்று எனக்கு அதுவரை புரியவில்லை என்பது புரிந்தது. வார்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கும், நோயாளியின் பக்கத்தில் இருக்கிற உறவினர்களுக்கும் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியிருக்கும், இன்னொன்று நெஞ்சுச் சுவரின் உட்புறத்தில் படிந்திருக்கும். நடுவில் இருப்பது சில மில்லிலிட்டர் திரவம் மட்டுமே. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது போல இந்த உறைகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால்தான் நுரையீரல் விரிந்து நிற்கிறது. அங்கே காற்று புகுந்தால் பிடி விட்டுப்போகும், நுரையீரல் ரப்பர் போலச் சுருங்கிவிடும். இதுதான் நியூமோதொராக்ஸ். காற்றுக்குப் பதில் ரத்தம் சேர்ந்தால் ஹீமோதொராக்ஸ்.

விபத்தில் விலா எலும்பு உடைந்து நுரையீரலைக் குத்தினால் வரலாம். காசநோய், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு வரலாம். எந்த நோயும் இல்லாத, உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்கும் திடீரென்று வரும். நுரையீரலின் உச்சியில் இருக்கும் சிறு காற்றுக் கொப்புளம் வெடிப்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம்.

சில நேரம் நுரையீரலில் உள்ள ஓட்டை ஒருவழிக் கதவாக மாறிவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று உள்ளே வரும், திரும்பிப் போக வழி இருக்காது. அழுத்தம் ஏறி இதயத்தையும் பெரிய ரத்தக்குழாய்களையும் மறுபக்கம் தள்ளும். ரத்த அழுத்தம் விழும். டென்ஷன் நியூமோதொராக்ஸ் என்று சொல்வது இதைத்தான். நிமிடக் கணக்கில் உயிர் போகும். நுரையீரல் ஓட்டை மூடாத ஒருவரின் குழாயில் கிளாம்ப் போடும்போது, நம் கையாலேயே இந்த நிலையை உண்டாக்குகிறோம். அந்த லிஃப்ட் வாசலில் நடக்கத் தொடங்கியது அதுதான்.

பாட்டிலில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் வைத்து ஊதிப் பாருங்கள், குமிழி வரும். உறிஞ்சினால் தண்ணீர்தான் ஏறும், காற்று வராது. நெஞ்சிலிருந்து வரும் குழாயின் நுனி பாட்டிலுக்குள் 2 செ.மீ. ஆழத்தில் தண்ணீரில் மூழ்கியிருக்கும். நோயாளி மூச்சை விடும்போதும் இருமும்போதும் உள்ளே தேங்கிய காற்று குமிழியாக வெளியேறும். மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று உள்ளே போகாமல் தண்ணீர் தடுக்கும். ஜெர்மானிய மருத்துவர் கோட்ஹார்ட் ப்யூலாவ் 1870-களில் கையாண்ட முறை இது. இன்று வரும் பிளாஸ்டிக் பெட்டிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

அந்த 2 செ.மீ. கணக்கில் கவனம் வேண்டும். ஒரே பாட்டில் வைத்திருக்கும்போது நெஞ்சிலிருந்து திரவமும் அதில் சேர்ந்துகொண்டே போகும், நுனி இன்னும் ஆழமாக மூழ்கும். 10 செ.மீ. ஆழத்துக்குப் போய்விட்டால் அத்தனை தண்ணீரையும் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியே வர வேண்டும். ஏற்கெனவே திணறுகிறவருக்கு அது பெரிய சுமை. மாறாக, பாட்டில் சாய்ந்து நுனி தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் தடுப்பே போய்விடும்.

ட்யூட்டி ஏற்றவுடன் நான் முதலில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பேன், அப்புறம் குனிந்து பாட்டிலைப் பார்ப்பேன். குழாயில் தண்ணீர் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? தானாக மூச்சு விடுகிறவருக்கு இழுக்கும்போது ஏறும், விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இது தலைகீழாக நடக்கும். ஊசலாட்டம் இருந்தால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஊசலாட்டம் நின்றுவிட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். நுரையீரல் முழுதாக விரிந்து குழாயை ஒட்டிவிட்டது என்பது நல்ல செய்தி. குழாய் அடைத்துக்கொண்டது என்பது கெட்ட செய்தி. நல்ல செய்தி என்று உடனே எழுதிவிடாதீர்கள். நெஞ்சிலிருந்து பாட்டில் வரை குழாயைக் கையால் தொடர்ந்து தடவிக்கொண்டே வாருங்கள். ஒரு முறை இரவு ட்யூட்டியில், ஊசலாட்டமும் இல்லை, குமிழியும் இல்லை, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தால் அந்த ஐயா குழாயின் மேலேயே ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி, குழாயை விடுவித்ததும் பாட்டில் மறுபடி பேச ஆரம்பித்தது. கட்டில் கம்பியில் சிக்குவது, தொங்கும் வளைவில் திரவம் தேங்குவது, ரத்தக்கட்டி அடைப்பது எல்லாம் அன்றாடம் பார்ப்பவைதான்.

அடைப்பை நீக்க குழாயை இறுக்கி நீளமாக உருவிவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். அப்படி உருவும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சு விசை நுரையீரல் திசுவையே காயப்படுத்தும் அளவுக்குப் போகும். மடிப்பு எதுவும் இல்லாமலே அடைத்திருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குமிழியைக் கண்டால்தான் உறவினர்கள் பயப்படுகிறார்கள். நியூமோதொராக்ஸ் நோயாளிக்கு இருமும்போது குமிழி வருவது, குழாய் தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம். நாளாக நாளாகக் குறையும். குறைந்துகொண்டு வந்தது திடீரென்று இடைவிடாமல் கொட்டினால் எங்கோ கசிகிறது. இணைப்பு தளர்ந்திருக்கலாம், அல்லது குழாய் கொஞ்சம் நழுவி அதன் பக்கத் துளை தோலுக்கு வெளியே வந்திருக்கலாம். டிரெஸ்ஸிங்கைச் சுற்றித் தோலை அழுத்திப் பாருங்கள். காகிதம் நொறுங்குவது போல விரலுக்கடியில் நறநறவென்றால் காற்று தோலுக்கடியில் பரவுகிறது. அதன் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். அடுத்த ட்யூட்டிக்கு வருகிறவருக்கு அது கூடியதா குறைந்ததா என்று அந்தக் கோடு சொல்லிவிடும். கழுத்து வரை ஏறினால் காத்திருக்காதீர்கள்.

சக்‌ஷன் இணைத்திருந்தால், அதாவது காற்றை உறிஞ்சும் கருவியைப் பாட்டிலோடு மாட்டியிருந்தால், ஒரு விஷயம். வழக்கமாக 20 செ.மீ. தண்ணீர் அழுத்தம் வரை வைப்பார்கள். அதை நிறுத்தினால் சக்‌ஷன் குழாயைப் பாட்டிலிலிருந்து கழற்றிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போனால் காற்று வெளியேறும் வாயே அடைபடும். அதுவும் கிளாம்ப் போட்டதற்குச் சமம்தான்.

கிளாம்ப் வேண்டவே வேண்டாமா? பாட்டில் மாற்றும் சில விநாடிகளுக்குப் போடலாம். டாக்டர் சொல்லி, நாம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது போடலாம். நடக்கவோ, எக்ஸ்ரேக்குப் போகவோ, தூங்கவோ கிளாம்ப் தேவையில்லை. பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே, நிமிர்த்திப் பிடித்தால் போதும். மேலே தூக்கினால் உள்ளே இருக்கும் திரவம் நெஞ்சுக்கே திரும்பிவிடும்.

குழாய் பாட்டிலிலிருந்து கழன்றுவிட்டால் நுனியை உடனே ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) தண்ணீர் உள்ள வேறொரு பாட்டிலில் 2 செ.மீ. முக்குங்கள், நோயாளியை இருமச் சொல்லுங்கள். அப்படி ஒரு பாட்டில் கட்டில் பக்கத்தில் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். குழாய் நெஞ்சிலிருந்தே உருவி வந்துவிட்டால் கையுறை போட்ட கையால் ஓட்டையை மூடுங்கள், உதவிக்குக் குரல் கொடுங்கள். வந்த குழாயைத் திரும்ப உள்ளே திணிக்காதீர்கள். மூன்று பக்கம் ஒட்டிய டிரெஸ்ஸிங் போட்டு நான்காவது பக்கத்தைத் திறந்து வைத்தால், உள்ளே சேரும் காற்று அந்த வழியாக வெளியேறும். மூச்சுத்திணறல் கூடினால் டிரெஸ்ஸிங்கைத் தூக்கிவிடுங்கள்.

அளவுக் குறிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டிலின் மேல் ஒட்டிய டேப்பில் நேரம் போட்டு மட்டத்தைக் குறித்து வையுங்கள். ரத்தம் மணிக்கு 100 மி.லி.-ஐத் தாண்டினாலே நான் டாக்டருக்குச் சொல்லிவிடுவேன், 200 வரை பார்ப்போம் என்று நிற்க மாட்டேன். நாள்பட்டுத் தேங்கிய நீரை ஒரேயடியாக வடிக்கவும் கூடாது. ஒன்று, ஒன்றரை லிட்டருக்குள் நிறுத்தச் சொல்வது வழக்கம். சுருங்கிக் கிடந்த நுரையீரல் வேகமாக விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளலாம். வடிந்துகொண்டிருக்கும்போது விடாத இருமலும் நெஞ்சு இறுக்கமும் வந்தால் அதுதானோ என்று சந்தேகப்படுங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டு நாம் கோட்டைவிடுவது வலியில். விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு குழாய் இருந்தால் ஒவ்வொரு மூச்சும் குத்தும். அதனால் நோயாளி மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார், அசையாமல் கிடப்பார். சளி தேங்கும், நிமோனியா வரும், நுரையீரல் விரியாது. "வலிக்குதா?" என்று கேட்டால் பலர் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக "ஒரு தடவை நல்லா இருமுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். முகம் சுளித்து, பாதியில் நிறுத்திவிட்டால் மருந்து போதவில்லை. வலி மருந்து வேலை செய்யும் நேரம் பார்த்து மூச்சுப் பயிற்சி கொடுங்கள். தலையணையைக் குழாய் பக்கம் அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுங்கள். சாய்ந்து உட்காரவையுங்கள், அந்தப் பக்கத் தோளை அசைக்கச் சொல்லுங்கள், பாட்டிலோடு நடக்கவிடுங்கள். குழாய் இருக்கிறதே என்று நான்கு நாள் கையையே தூக்காமல் இருந்த ஓர் அம்மாவுக்குத் தோள் இறுகி, தலை வாரக்கூட முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

குழாயை எடுக்கும்போது மூச்சை அடக்கச் சொல்வோம். எடுப்பதற்கு முன்பே இரண்டு மூன்று முறை பழக்கிவிடுங்கள், அந்த நேரத்துப் பதற்றத்தில் புதிதாகச் சொன்னால் ஏறாது. எடுத்த பிறகு எக்ஸ்ரே, அப்புறம் சில மணி நேரம் மூச்சு, பல்ஸ், சாச்சுரேஷன், டிரெஸ்ஸிங் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லி அனுப்புவது இது. புகையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு முறை வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது, புகைத்தால் அந்த ஆபத்து கூடும். நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டதென்று எக்ஸ்ரேயில் உறுதியாகி ஒரு வாரமாவது ஆகாமல் விமானத்தில் ஏற வேண்டாம். ஸ்கூபா டைவிங்கை மறந்துவிடுங்கள், நுரையீரல் திரும்பச் சுருங்காமல் தடுக்கும் அறுவை சிகிச்சை செய்து நிபுணர் சம்மதித்தால் மட்டுமே யோசிக்கலாம். நெஞ்சில் திடீரென்று குத்தி, மூச்சு வாங்கினால் வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்கு வாருங்கள், வந்தவுடன் "எனக்கு முன்பு நுரையீரல் சுருங்கியிருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.