பர்டொக் வேர்: கடையில் வாங்குங்கள், ஓடைக்கரையில் கிண்டாதீர்கள்

இலையுதிர் காலம் தொடங்கினால் போதும், ஆலோசனைக்கு வருகிறவர்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பார்கள்: "இது பர்டொக் தானே? சலரோகத்துக்கு நல்லதாம், இரத்தத்தைச் சுத்தப்படுத்துமாம். வீட்டுக்குப் பின்னால ஓடைக்கரையில் நிறைய நிக்குது. கிண்டி எடுக்கலாமோ?"

ரொறன்ரோப் பக்கத்தில் உணவியலாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் நம் ஆட்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகச் சிக்கல் என்று ஏதாவது ஒன்றோடு வருவார்கள். இந்தக் கேள்விக்கு நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். பர்டொக் வேர் நல்ல மரக்கறி, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் கடையில் வாங்குங்கள். கண்ட இடத்தில் கிண்ட வேண்டாம், மருந்து என்று குடிக்கவும் வேண்டாம்.

கிண்ட வேண்டாம் என்பதற்குக் காரணம் செடியின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. பர்டொக் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, இரண்டு ஆண்டு வாழும். முதல் ஆண்டில் தண்டு கிடையாது. தரையோடு பெரிய இலைகளை விரித்துக்கொண்டு, சேமிப்பை எல்லாம் வேரில் இறக்கும். இரண்டாம் ஆண்டில் ஆள் உயரத்துக்குத் தண்டு எழும்பி ஊதாப் பூ பூக்கும், பிறகு கொளுக்கி முள் வைத்த காய் காய்க்கும். நடைபாதையில் போய்விட்டு வந்தால் காற்சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவது அந்தக் காய்தான். 1941இல் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் உரோமத்தில் ஒட்டியிருந்த இந்தக் காய்களைப் பார்த்துத்தான் வெல்க்ரோவுக்கான யோசனையைப் பெற்றார்.

காயை வைத்து எவரும் பர்டொக்கை அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் காய் வந்த செடியின் வேர் விறகாகியிருக்கும், சமையலுக்கு உதவாது. சமைக்க உதவுவது முதல் ஆண்டு இலையுதிர் காலத்து வேர், அல்லது அடுத்த வசந்தத்தில் தண்டு எழும்ப முன்னர் எடுக்கும் வேர். அந்த நேரத்தில் செடியில் காயும் இல்லை, பூவும் இல்லை, வெறும் இலைதான். குளிர் கடுமையாக விழுந்தபின் இலையும் இருக்காது. அனுபவமில்லாதவர் ஏமாறுவது இங்கேதான்.

ஏமாந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். பர்டொக்கைக் கோபோ என்று சொல்லி அன்றாட மரக்கறியாகச் சாப்பிடும் நாடு அது. அங்கேயே ஊமத்தை வேரைக் கோபோ என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானியச் சுகாதார அமைச்சு இதைப் பற்றி மக்களை எச்சரித்து வருகிறது. வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கு என்று ஊமத்தை நட்டிருப்பார்கள். குளிரில் மேல்பகுதி பட்டுப்போகும். மண்ணைக் கொத்தும்போது நீண்ட வேர் ஒன்று அகப்படும். முன்பு நட்ட கோபோ மிச்சமிருக்கிறது என்று எண்ணிச் சமைத்துவிடுவார்கள்.

ஊமத்தை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் எல்லாப் பகுதியிலும் அத்திரோப்பீன், ஸ்கோப்பொலமீன் போன்ற நஞ்சுகள் உண்டு. சமையல் சூட்டில் அவை அழிந்துபோவதில்லை. வாய் வறளும், கண்மணி விரியும், இதயம் படபடக்கும், சிறுநீர் அடைபடும், ஆள் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குவார். ஊமத்தையின் ஓர் இனம் ஒன்ராறியோ வயல்களிலும் களையாக முளைக்கிறது. இதோடு அமெரிக்கப் போக்வீட் என்ற செடியும் உண்டு. கறுத்த ஊதாப் பழம் குலைகுலையாகத் தொங்கும். அதன் தடித்த வேரும் நஞ்சு, அதையும் கோபோ வகை என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். காட்டில் கிண்டிய எதையாவது சாப்பிட்டபின் மேலே சொன்ன அறிகுறி ஏதும் தெரிந்தால் இணையத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கனடாவின் நச்சுத் தகவல் இலக்கம் 1-844-764-7669. ஆள் மயங்கினாலோ மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ நேரே 911.

"எனக்குச் செடி நல்லாத் தெரியும், இலைக்குக் கீழ்ப்பக்கம் வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி இருக்கும்" என்று ஒரு ஐயா வாதாடினார். அது உண்மையான அடையாளம்தான். ஆனாலும் இரண்டு விஷயம் மிச்சமிருக்கிறது. ரொறன்ரோ நகரப் பூங்காக்களிலும் ஓடைப் பள்ளத்தாக்குகளிலும் செடிகொடிகளைப் பறிக்கவோ கிண்டவோ நகர விதி இடம் தருவதில்லை. மற்றது மண். பர்டொக் பிடித்து வளர்வது வீதியோரம், தண்டவாள ஓரம், பழைய தொழிற்சாலைக் காணி போன்ற குழம்பிய நிலத்தில். பழைய பெற்றோலின் ஈயம், களைகொல்லி எல்லாம் சேர்ந்திருக்கக்கூடிய இடங்கள் அவை. வேர்க் காய்கறியை அங்கிருந்து எடுப்பது புத்தியில்லை. ஆசை தீராவிட்டால் விதை வாங்கிச் சொந்தக் காணியில், ஆழமான தளர்ந்த மண்ணில் போடுங்கள். வேர் ஒரு முழத்துக்கு மேலும் இறங்கும். இரண்டாம் ஆண்டு காய்க்க விட்டீர்களோ, அயலவர் உங்களோடு கதைக்கமாட்டார்.

சரி, மருந்துக் கதைக்கு வருவோம். ஒன்ராறியோவில் இந்த வேருக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. பிரேஸ்பிரிட்ஜ் என்ற ஊரில் ரெனே கேஸ் என்ற தாதி 1930களில் ஒரு மூலிகைக் கஷாயத்தைப் புற்றுநோயாளருக்குக் கொடுத்து வந்தார். எஸ்ஸியாக் என்று பெயர். அதில் ஒரு கூட்டுப்பொருள் பர்டொக் வேர். அவருக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், 1938இல் மாகாணச் சட்டமன்றம் வரை விஷயம் போனது. பிற்பாடு 1970களில் நியூயோர்க்கின் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் ஆய்வு நிலையம் விலங்குகளில் சோதித்துப் பார்த்தபோது புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் பலன் எதுவும் தெரியவில்லை. மனிதரில் குணமாக்கும் என்பதற்கு இன்றுவரை நம்பத்தக்க சான்று இல்லை. ஆனாலும் போத்தல் விற்பனையாகிறது. கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டில் இதைக் குடிக்கிறார் என்றால் புற்றுநோய் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏச்சு விழும் என்று மறைப்பவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை.

காய்ந்த வேரை வாங்கித் தேநீர் போடுவதிலும் பழைய பாடம் ஒன்று உண்டு. கடையில் வாங்கிய பர்டொக் தேநீரைக் குடித்த ஒருவருக்கு அத்திரோப்பீன் நஞ்சேறிய சம்பவம் 1978இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வந்தது. பர்டொக்கில் அத்திரோப்பீன் கிடையாது, வேறு செடி கலந்திருந்தது. பொடியாக்கிய வேரைப் பார்த்து எது எது என்று யாரால் சொல்ல முடியும்? கனடாவில் குளிசையாகவோ மருந்துத் தேநீராகவோ வாங்கினால் பெட்டியில் என்.பி.என். (இயற்கைச் சுகாதாரப் பொருள் இலக்கம்) என்ற எழுத்துகளும் எட்டு இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நீரிழிவு மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருந்தாளரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் குளிசைப் பக்கம் போகவே வேண்டாம். ராக்வீட் மகரந்தத்துக்குத் தும்மி அவதிப்படுகிறவர்கள், செவ்வந்திப் பூவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் சமைத்த வேரையும் முதலில் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே குடும்பத்துச் செடிகள்.

இனிக் கடைக்குப் போகலாம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து ரி அன்ட் ரி, எச் மார்ட் போன்ற சீன, கொரியக் கடைகளின் மரக்கறிப் பகுதியில் தேடுங்கள். ஜப்பானியர் கோபோ என்பார்கள், கொரியர் உஅங், சீனர் நியுபாங். முருங்கைக்காய்க் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் யாரோ விறகு போட்டுவிட்டுப் போனார்கள் என்று நினைக்கும் தோற்றம். பெருவிரல் பருமனுக்கு மேல் போகாததாக, நுனி வரை விறைப்பாக, மண் ஒட்டியதாக எடுங்கள். தடித்தது நடுவில் பஞ்சாகி வெற்றாகியிருக்கலாம். வளைத்தால் துவளுவது பழசு. கழுவி, சீவி, பையில் அடைத்தும் விற்கிறார்கள், உறைநிலையிலும் கிடைக்கும். வேலை மிச்சம், ஆனால் வாசனை குறைவு. மண்ணோடு வாங்கியதை ஈரத் தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் கிடக்கும்.

தோலை உரிக்காதீர்கள். இந்த வேரின் வாசனையில் பாதி தோலுக்கு அண்டித்தான் இருக்கிறது. தும்பு மட்டையாலோ கத்தியின் முதுகாலோ சுரண்டினால் போதும். வெட்டியதும் கறுக்கும், வாழைக்காய்க்கு ஆவதுபோல. கொஞ்சம் வினாகிரி விட்ட தண்ணீரில், அல்லது நாம் வாழைப்பூவுக்குச் செய்கிற மாதிரி மோர்த் தண்ணீரில் போட்டுவையுங்கள். ஐந்து நிமிடம் காணும். தண்ணீர் மண்ணிறமாவதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்து மூன்று நான்கு தரம் ஊற வைப்பவர்கள் உண்டு. அது அழுக்கில்லை, வேரிலுள்ள பொலிஃபீனோல். முழுதாகப் போக்கிவிட்டால் ருசியும் போய்விடும். சில வேளை சமைக்கும்போது பச்சை நிறம் தட்டும். குளோரோஜெனிக் அமிலம் காரத்தன்மையுள்ள பொருளோடு சேர்வதால் வருவது அது, பழுதில்லை. அப்பச்சோடா போட்டு அவித்தால் நிச்சயம் வரும்.

ஜப்பானியர் வீட்டில் அடிக்கடி செய்வது கின்பிரா. 200 கிராம் வேரும் ஒரு கரட்டும் தீக்குச்சி அளவில் வெட்டுங்கள். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கிள்ளிய செத்தல் மிளகாய், பிறகு வேர். பெரிய நெருப்பில் மூன்று நிமிடம் கிளறிக் கரட்டைச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் தண்ணீர் விட்டு வற்றும் வரை பிரட்டினால் சரி. மேலே எள். கடித்தால் மொறுக்கென்று இருக்க வேண்டும், குழையக் கூடாது. சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கனடாவின் அறிவுரை. அழுத்தக்காரர் உப்புக் குறைத்த சோஸ் வாங்கி, அதிலும் பாதி போடலாம். உப்பைத் தனியாகச் சேர்க்கவே கூடாது.

கொரியர் இதே வேரை நீளக் கீற்றாகச் சோயா சோஸில் வற்றவைத்து, கிம்பாப் என்ற கடற்பாசிச் சோற்றுச் சுருளின் நடுவில் வைப்பார்கள். சூப்புக்கு என்றால் பென்சில் சீவுவதுபோல வேரைச் சுழற்றிச் சுழற்றிச் சீவிப் போடுவது ஜப்பானிய வழக்கம். சீக்கிரம் வேகும், பல் போன பெரியவர்களுக்கும் ஏற்றது.

நம் முறைக்கு வட்டமாக மெல்லிதாய் வெட்டி, மஞ்சளும் உப்பும் போட்டுப் பத்து நிமிடம் அவித்து, கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் தாளித்துப் பிரட்டிக் கடைசியில் தேங்காய்ப்பூ போடலாம். புளிக்குழம்பிலும் நன்றாக நிற்கும். பால்கறி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தேங்காய்ப்பால் அந்த மண்வாசனையை அமுக்கிவிடுகிறது என்பது என் எண்ணம், வாசனை பிடிக்காதவர்களுக்கு அதுவே வசதியாகவும் இருக்கலாம்.

நீரிழிவுக்காரர் கேட்பது மாச்சத்து. 100 கிராம் பச்சை வேரில் ஏறத்தாழ 17 கிராம் மாச்சத்து இருந்தாலும் அதில் பெரும்பங்கு இனுலின் என்ற நார்ச்சத்து (இன்சுலின் அல்ல). நம் சிறுகுடல் அதைச் சீனியாக உடைப்பதில்லை. உருளைக்கிழங்குக்குப் பதில் சாப்பிட்டால் லாபம்தான். சோற்றோடு கூடுதலாகச் சேர்த்துவிட்டுச் சீனி இறங்கவில்லை என்று என்னிடம் வந்து பயனில்லை. சிறுநீரக நோயாளருக்குப் பொட்டாசியம்: 100 கிராமுக்கு 300 மில்லிகிராம் அளவு, கிட்டத்தட்டக் கரட் மாதிரி. மெல்லிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஒரு பகுதி குறையும்.

இனுலின் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் சரக்கு. பழகாத வயிற்றில் காற்று பிடிக்கும், வயிறு ஊதும். முதல் தரம் சமைக்கும்போது ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். விருந்தினர் வரும் நாளில் தொடங்காதீர்கள்.