மரத்தைக் கடித்துச் சுவை பார்க்கும் வண்டு

சில வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்த கிட்டாரை எடுத்தால், அடியில் முகப்பவுடர் கொட்டினாற்போல் தூள். பின்பலகையில் குண்டூசித் தலை அளவில் நாலைந்து ஓட்டை. மண்ணெண்ணெய் விட்டால் சரியாகுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். விடாதீர்கள். மரத்துக்குள் இருக்கும் வண்டின் புழு, தான் தின்று போன வழியைத் தூளால் இறுக அடைத்துக்கொண்டே போகும். எண்ணெய் அதுவரை போய்ச் சேராது. எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு பசையும் பிடிக்காது, பாலிஷும் நிற்காது.

அந்த ஓட்டை வண்டு உள்ளே போன வழி அல்ல, வெளியே வந்த வழி. தூள் டால்கம் போல நைசாக இருந்தால் லிக்டஸ் வகை வண்டு. ரவை போல நெருடினால் அனோபியம். ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான வீடுகளில் பழைய மரச்சாமான்களைத் துளைப்பது அதுதான். நம் வெப்பத்தில் பெரும்பாலும் லிக்டஸ்தான். ஒரு தலைமுறை சில மாதங்களிலேயே முடிந்துவிடும்.

லிக்டஸ் பெண் வண்டு முட்டையிடும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 5 மி.மீ. அளவுள்ள செம்பழுப்பு வண்டு. இரவில் பறந்து வந்து பாலிஷ் படாத மரமாகத் தேடி உட்காரும். உடனே முட்டையிடாது. மரத்தின் மேல் சின்னச் சின்னக் கீறல்களாகக் கடித்துப் பார்க்கும். மாவுச்சத்து இருக்கிறதா என்று சோதிக்கும் கடி அது. அதே கடியில், மரம் உயிரோடிருந்தபோது தண்ணீர் ஏற்றிய சைலக் குழாய்களின் வாயும் திறந்துகொள்ளும். சுவை பிடித்துப்போனால், முட்டையிடும் உறுப்பை ஊசிபோல நீட்டிக் குழாய்க்குள் செருகி, நூல்போல் மெலிந்த முட்டையை ஆழத்தில் வைக்கும். குழாய் முட்டையைவிடக் குறுகலாக இருந்தாலோ, மாவுச்சத்து இல்லாவிட்டாலோ அந்த மரம் அதற்கு வேண்டாம்.

இத்தனை கவனம் புழுவின் வயிற்றுக்காக. மரத்தின் பெரும்பகுதியான செல்லுலோஸ் அதற்குச் செரிக்காது. மாவுச்சத்து, சர்க்கரை, கொஞ்சம் புரதம், இவைதான் ஆகாரம். சுமார் 3 சதவீத மாவுச்சத்தாவது இல்லாத மரத்தில் அது தேறாது. மற்றதெல்லாம் அரைபட்டுச் சக்கையாக வெளியே வரும். பெட்டியில் கொட்டிய தூள் அதுதான்.

இப்போது கிட்டாரைப் பாருங்கள். முகப்பலகை ஸ்ப்ரூஸ், ஊசியிலை மரத்தில் அந்த அகலக் குழாய்களே கிடையாது, லிக்டஸ் தொடாது. ரோஸ்வுட்டின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த மரத்தில், மாவுச்சத்து இல்லை, அதுவும் தப்பும். மாட்டிக்கொள்வது மஹோகனி, ஆஷ் மரங்களின் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதி. வெளியே கண்ணாடிபோல் பாலிஷ் இருந்தாலும், ஒலித்துளைக்குள் கைவிட்டால் பெரும்பாலான கிட்டார்களில் வெறும் மரம்தான். வண்டுக்கு அதுவே வாசல். வீணைக்குப் பலாவின் மஞ்சள் வைரத்தை எடுத்துக்கொண்டு வெளிறைச் செதுக்கித் தள்ளும் பழக்கம் எவ்வளவு நல்ல காப்பு!

புல்லாங்குழலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெளியே காழ் (வைரம்) உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. மூங்கில் புல், உள்ளே வைரம் கிடையாது. மாவுச்சத்தோ உட்பக்கம்தான் அதிகம். தேய்பிறையில் வெட்டினால் மூங்கில் உளுக்காது என்று இன்றும் சொல்கிறார்கள். நிலவை நம்பி மூங்கிலை விட்டுவிடாதீர்கள். மாவுச்சத்தைப் பெரிதும் ஏற்றி இறக்குவது பருவம். வெட்டியதை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கம்தான் உண்மையில் வேலை செய்கிறது. சந்தேகம் இருந்தால், ஒரு துண்டில் நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது.

ஏற்கெனவே உளுத்த கிட்டாருக்கு என்ன வழி? சூடேற்றினால் பசை இளகும். உறையவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் பாலிஷ் வெடிக்கலாம். அருங்காட்சியகங்கள் செய்வதுபோல் ஆக்சிஜனை எடுத்துவிடுவதே பாதுகாப்பு. கம்பிகளைத் தளர்த்தி, அலுமினியப் படலம் கொண்ட பையில் வைத்து மூடுங்கள். சாதாரண பாலிதீன் ஆகாது, ஆக்சிஜன் ஊடுருவும். பைக்குள் 60 லிட்டர் காற்று என்றால் அதில் ஆக்சிஜன் சுமார் 12.6 லிட்டர். தலா 2 லிட்டர் உறிஞ்சும் இரும்புத்தூள் பொட்டலம் 7 போதும். கசிவுக்கும் சேர்த்து 10 போடுங்கள். 25 டிகிரிக்கு மேல் வெப்பத்தில் நான்கு வாரம் அப்படியே இருக்கட்டும். ஆக்சிஜன் தேடி மூச்சுத்துளைகளைத் திறந்தே வைத்திருக்கும் புழு, அதே துளைகள் வழியே உடல் நீரை இழந்து காய்ந்து சாகும்.

வெளியே எடுத்ததும் தூளைத் துடைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் பென்சிலால் வட்டமிட்டு, கிட்டாருக்கு அடியில் கறுப்புக் காகிதம் விரியுங்கள். ஒரு வருடம் தூள் விழாவிட்டால் நிறம் சேர்த்த மெழுகால் அடைக்கலாம். பின்னால் புது ஓட்டை விழுந்தாலும் வட்டமில்லாத அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.