‘யாரும் பிரிக்காத’ நாணய ரோல்: முனையைப் பார்த்து ஏலம் கேட்காதீர்கள்

இபே மாதிரியான ஏலத் தளங்களில் ‘அன்சர்ச்டு ரோல்’ (யாரும் தேடிப் பார்க்காத ரோல்) என்று தேடினால், பழுப்பேறிய காகிதத்தில் சுற்றிய அமெரிக்க ஒரு சென்ட் ரோல்கள் வரிசையாக வரும். ஒரு முனையில் 1880களின் ‘இந்தியன் ஹெட்’ என்கிற பழைய வகைச் சென்ட் தெரியும். மறுமுனையில் கோதுமைக் கதிர் போட்ட பழைய லிங்கன் சென்ட். கூடவே ஒரு கதையும் இருக்கும்: தாத்தாவின் பெட்டகத்தில் கிடைத்தது, எப்போதோ மூடிப்போன வங்கியின் சரக்கு, இதுவரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 99 சென்ட்டில் தொடங்கும் ஏலம் 30, 40 டாலர் வரைகூட ஏறிவிடும்.

நியூஜெர்சியில் பழைய நாணயங்களை வாங்கி விற்பது என் தொழில். இந்த ரோல்களை ஏலத்தில் எடுத்தவர்கள் மதிப்புக் கேட்டு என் கடைக்கு வருகிறார்கள். அவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பிள்ளைக்கு நாணயம் சேர்க்கும் ஆர்வம் வரட்டுமே என்று பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோலைப் பிரித்துக் காட்டுவது எனக்கு வேதனையான வேலை.

ஒரு ரோலில் 50 சென்ட்டுகள் இருக்கும். முனைகளில் இருக்கும் இரண்டை எடுத்துவிட்டால் மிச்சம் 48. பெரும்பாலும் எல்லாமே 1940, 50களின் சாதாரணச் சென்ட்டுகள். 1944இல் மட்டும் பிலடெல்பியா நாணயச்சாலை 143 கோடிக்கு மேல் அடித்துத் தள்ளியது. இவற்றை எங்கள் தொழிலில் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுகூட இல்லை, எடை போட்டுத்தான் வாங்குவோம். ஒரு பவுண்டுக்குச் சுமார் 145 காசு நிற்கும். காசுக்குச் சில சென்ட்டுதான் விலை. முனையில் இருக்கும் தேய்ந்த இந்தியன் ஹெட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முழு ரோலும் பத்து டாலரைத் தொடுவதே அபூர்வம்.

அப்படியானால் 40 டாலர் எதற்குப் போகிறது? முனை கிளப்பிவிடும் ஆசைக்குத்தான். முனையில் நாணயத்தின் ஒரு பக்கம்தான் தெரியும். பூவா, தலையா, எதைக் காட்டுவது என்பதில்தான் விற்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

1909ஆம் ஆண்டு லிங்கன் சென்ட்டை வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். அவருடைய பெயரின் முதலெழுத்துகளான ‘வி.டி.பி.’ பூப் பக்கத்தின் அடியில் பொறிக்கப்பட்டிருந்தன. எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான்பிரான்சிஸ்கோவில் அடித்தவை 4,84,000 மட்டுமே. நன்றாகத் தேய்ந்திருந்தாலும் இன்று பல நூறு டாலர் பெறும். அதே வி.டி.பி. எழுத்துகளோடு பிலடெல்பியாவில் அடித்தவையோ ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். அதன் விலை சில டாலர்தான். இரண்டையும் பிரித்துச் சொல்வது சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ என்கிற ஒரே எழுத்து. அந்த எழுத்து தலைப் பக்கத்தில், ஆண்டுக்குக் கீழே இருக்கிறது. ஏலப் படத்தில் தெரிவது பூப் பக்கம். “அண்ணே, வி.டி.பி. நல்லாத் தெரியுதே, அப்ப இது அந்தப் பெரிய காசுதானே?” என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் காசைத் திருப்பிக் காட்டுவேன். எஸ் இருக்காது. நிஜமாகவே எஸ் இருந்தால் விற்பவர் தலைப் பக்கத்தை மூடி வைத்திருக்க மாட்டார்.

வெள்ளிக் காசுகளில் இதே உத்தி தலைகீழாக வரும். மெர்குரி டைம் என்கிற பழைய பத்து சென்ட் காசில் ஆண்டு தலைப் பக்கம், நாணயச்சாலை எழுத்து பூப் பக்கம். 1916இல் டென்வரில் அடித்தது 2,64,000தான். பிலடெல்பியாவில் 2 கோடிக்கு மேல். ரோலின் முனையில் 1916 என்கிற ஆண்டைக் காட்டிவிட்டால் போதும், டென்வரின் ‘டி’ எழுத்தை வாங்குகிறவரே மனதில் போட்டுக்கொள்வார்.

மார்கன் டாலர் என்கிற பழைய ஒரு டாலர் காசு ரோல்தான் இதில் ஆபத்தானது. 20 காசுகள், எல்லாம் வெள்ளி, விலையும் அதிகம். முனையில் கார்சன் சிட்டி நாணயச்சாலையின் ‘சிசி’ எழுத்தோடு பூப் பக்கத்தைக் காட்டுவார்கள். ஆண்டு மறுபக்கம் மறைந்திருக்கும். 1889 சிசி என்றால் 3,50,000தான் அடித்தார்கள், விலை எகிறும். 1884 சிசி 11 லட்சத்துக்கு மேல் அடித்தது. அதில் பெரும்பகுதி கருவூலத்திலேயே கிடந்து 1970களில் தொடங்கி அரசே பொதுமக்களுக்கு விற்றது. முனையைப் பார்த்து இது எந்த ஆண்டு என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, ரோல் பழையதுதானா என்று எப்படிப் பார்ப்பது? காகிதத்தை நம்பவே வேண்டாம். காலியான பழைய வங்கி உறைகள் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. முனையை மடித்து அழுத்தும் கருவியும் கிடைக்கிறது. ஆனால் காசு பொய் சொல்லாது. என்னிடம் வந்த ஒரு ரோலின் உறையில் வங்கிப் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. ‘1930களில் வங்கி கட்டிய ரோல், அப்படியே இருக்கிறது’ என்று விற்றிருந்தார்கள். பிரித்துக் கொட்டியதும் நடுவிலிருந்து 1956 டென்வர் சென்ட் விழுந்தது. ரோலில் இருக்கும் கடைசி ஆண்டுக்கு முன்னால் அந்த ரோலைக் கட்டியிருக்கவே முடியாது. உறையில் ஐந்து இலக்க ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் அது 1963க்கு முந்தைய உறை இல்லை என்பதும் அதே போல நிச்சயம்.

முனைக் காசையும் கையில் எடுத்துப் பாருங்கள். பல பத்தாண்டுகள் அப்படியே இருந்த ரோலில், வெளியே தெரிந்த நடுப்பகுதி காற்றுப் பட்டுக் கறுத்திருக்கும். மடிப்புக்கு அடியில் இருந்த ஓரம் வெளிறி, வட்டமாகத் தனித்துத் தெரியும். முகம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் அந்தக் காசு அங்கே வந்து அதிக நாளாகவில்லை.

‘நான் தேடிப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். அவர் பார்க்கவில்லை, சரி. அவருக்கு விற்றவர்? ஆண்டு வாரியாகச் சென்ட்டுகளை அட்டையில் பதித்துச் சேர்க்கும் பழக்கம் அமெரிக்காவில் 1930களிலேயே பரவிவிட்டது. அன்றிலிருந்து இந்தக் காசுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சலித்துவிட்டார்கள். அப்புறம், அதே விற்பனையாளரின் மற்ற ஏலங்களைத் திறந்து பாருங்கள். தாத்தாவின் பெட்டகத்திலிருந்து வாரா வாரம் நூற்றுக்கணக்கில் ரோல் வராது. வாங்கியவர்கள் அவருக்குப் போட்ட நல்ல மதிப்பெண்கள் குவிந்திருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு முனைக் காசும் படத்தில் இருந்தபடியே வந்த சந்தோஷத்தில் பலர் அன்றைக்கே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பிரிப்பதற்கு முன் ஏலப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ‘தேடப்படாதது’ என்பதைப் பொய் என்று நிரூபிப்பது கடினம். ‘1930களின் வங்கி ரோல்’ என்று சொல்லிவிட்டு உள்ளே 1956 இருந்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று முறையிடத் தெளிவான ஆதாரம் கையில் இருக்கிறது. இபேயில் அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நான் சொல்லும் வழி வேறு. உங்கள் வங்கியில் நிக்கல் (ஐந்து சென்ட் காசு) ரோல் கேளுங்கள்; 40 காசு, இரண்டு டாலர்தான். 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை அடித்த நிக்கல்களில் 35 சதவீதம் வெள்ளி. பூப் பக்கத்தில் இருக்கும் மான்டிசெல்லோ கட்டடத்தின் குவிமாடத்துக்கு மேலே பி, டி, எஸ் எழுத்துகளில் ஒன்று பெரிதாகப் பொறித்திருக்கும், குழந்தையே கண்டுபிடித்துவிடும். அது கிடைப்பது அரிது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிடைக்காத ரோலை அதே இரண்டு டாலருக்கு வங்கியில் திருப்பிக் கட்டிவிட்டு அடுத்ததை வாங்கி வரலாம்.