நிசானின் இறங்குமுகமும் ஒரகடத்துச் சிறு பட்டறைகளும்

சென்னைக்கு அருகே ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனங்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்வது என் தொழில். ஜப்பானின் நிசான் கார்கள் தயாராகும் ஆலை ஒரகடத்தில்தான் இருக்கிறது. அதனால் அவர்களில் பலர் இப்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், நிசானுக்கு என்னதான் ஆச்சு? நம்ம ஆர்டர் நிக்குமா?"

2024-25 நிதியாண்டில் நிசானின் நிகர நட்டம் 67,000 கோடி யென்னைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் இவான் எஸ்பினோசா தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அடுத்த மாதமே 20,000 வேலைகள் குறைப்பு, 17 ஆலைகள் பத்தாகச் சுருங்கும் என்ற அறிவிப்பு வந்தது. ஜப்பானில் 1961 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பாமா ஆலையும் மூடப்படும் பட்டியலில் இருக்கிறது. ஹோண்டாவோடு இணையும் பேச்சு அதற்கு முன்பே, பிப்ரவரியில் முறிந்துவிட்டது.

நிசானின் தலைவராக இருந்த கார்லோஸ் கோன் 2018-இல் கைதானதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கைது நிர்வாகத்தைக் குலைத்தது உண்மை. ஆனால் நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உலகச் சந்தையில் 8 சதவீதப் பங்கு, விற்பனையில் 8 சதவீத லாபம் என்று 2011-இல் ஓர் இலக்கு வைத்தார்கள். அதை நம்பி மெக்சிகோவிலும் பிரேசிலிலும் புது ஆலைகள் கட்டினார்கள். நிசானின் பழைய பிராண்டான டட்சன் பெயரை மீண்டும் கொண்டுவந்து, ஒரகடத்தில் 'கோ' காரைத் தயாரித்தார்கள். அந்த வண்டியும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

கார் ஆலையின் கணக்கு இரக்கமில்லாதது. பிரஸ், பெயின்ட் ஷாப், வெல்டிங் லைன் எல்லாவற்றுக்கும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேய்மானமும் வட்டியும் சம்பளமும் உண்டு. அதனால் ஆலையை நிரப்புவதற்காகவே வண்டி செய்து, அமெரிக்காவில் தள்ளுபடியில் தள்ளினார்கள். வாடகைக் கார் நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்றார்கள். தள்ளுபடி பழகிவிட்ட வாங்குபவர் பிறகு முழு விலை தருவதில்லை, மறுவிற்பனை மதிப்பும் விழுகிறது. அமெரிக்கர்கள் ஹைபிரிட் கேட்ட நேரத்தில் நிசானிடம் அங்கே விற்க ஒரு ஹைபிரிட் கூட இல்லை. சீனாவில் உள்ளூர் மின்சாரக் கார்கள் முந்திவிட்டன. 2017-18-இல் சுமார் 57 லட்சம் வண்டி விற்ற நிறுவனம் 2024-25-இல் 33 லட்சம் அளவுக்கு இறங்கியது.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது இந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்பதைத்தான். 1999-இல் நிசான் தடுமாறியபோது கொள்முதல் செலவை 20 சதவீதம் குறைப்பது, 1,145 சப்ளையர்களை 600 ஆக்குவது என்று திட்டம் போட்டார்கள். 2024 மார்ச்சில், 36 சப்ளையர்களுக்குத் தர வேண்டிய தொகையில் சுமார் 300 கோடி யென்னைப் பிடித்துக்கொண்டதற்காக ஜப்பானின் வர்த்தகப் போட்டி ஆணையம் நிசானைக் கண்டித்தது. அவ்வளவு கட்டுப்பாடான நாட்டிலேயே இப்படி என்றால், இங்கே ஆலைக்கு நேரடியாகத் தராமல், அதன் சப்ளையருக்கு இரண்டாம், மூன்றாம் நிலையில் ஜாப் ஒர்க் செய்பவருக்கு என்ன பாதுகாப்பு?

ஒரகடம் ஆலை மூடப்படவில்லை. அந்தக் கூட்டு ஆலையில் நிசானுக்கு இருந்த 51 சதவீதப் பங்கை அதன் பிரெஞ்சுக் கூட்டாளியான ரெனோ வாங்கிக்கொண்டது, நிசான் வண்டிகளும் அங்கேதான் தயாராகின்றன. ஆனால் பெயர்ப்பலகையை விட, ஆலையின் கொள்ளளவில் எவ்வளவு நிரம்புகிறது என்பதுதான் சப்ளையருக்கு முக்கியம்.

அதைத் தெரிந்துகொள்ளச் செய்தித்தாள் தேவையில்லை, உங்கள் கோப்பே சொல்லும். இத்தனை உருப்படி வேண்டும் என்று வாங்குபவர் தந்த மூன்று மாத ஷெட்யூலையும் அவர் உண்மையில் எடுத்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி மாதாமாதம் விரிந்தால் முதல் எச்சரிக்கை அதுதான். பணம் வரும் நாள் தள்ளிக்கொண்டே போவதும், விலையைக் குறைக்கச் சொல்லி வருடத்தில் இரண்டாம் முறை கடிதம் வருவதும் அடுத்தவை. இந்த நேரத்தில் அந்த ஒரே வாடிக்கையாளரை நம்பிப் புது மெஷினுக்குக் கடன் வாங்காதீர்கள்.

டை, அதாவது உதிரிபாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, அதன் செலவு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். டை செய்ய ஆன பணத்தை உருப்படிக்கு இத்தனை ரூபாய் என்று பிரித்துப் பெறும் ஒப்பந்தத்தில், எண்ணிக்கை எட்டாமல் போனால் மீதியை யார் தருவது என்ற வரி இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது இருப்பதில்லை. மாடல் நின்ற பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் இருக்கும் ஒரே வாடிக்கையாளர் மேல் யார் புகார் கொடுப்பார்கள்? அதனால் நான் முதலில் சொல்வது ட்ரெட்ஸ் தளம், அதாவது சிறு நிறுவனங்களின் பில்லுக்கு வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் இணையதளம். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்வது இப்போது கட்டாயம். வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டால் வங்கி உங்களுக்குப் பணம் தந்துவிடும். பிறகு அவர் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்காது. இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனம் என்ற அரசுப் பதிவு வேண்டும், அது இல்லாதவர்கள் இந்த வாரமே ஆதாரையும் பான் அட்டையையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கட்டணம் எதுவும் கிடையாது.