மார்க் மட்டும் கேட்காத உதவித்தொகை

ஜெர்மனியில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் முதலில் மார்க் ஷீட்டைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ஹான்ஸ் பொக்லர் அறக்கட்டளையில் மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் பார்ப்பார்கள்: உங்களோடு வேலை செய்பவர்களுக்காகவும் படிப்பவர்களுக்காகவும் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?

இது ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அறக்கட்டளை. கூட்டமைப்புக்கு 1949இல் முதல் தலைவரான உலோகத் தொழிலாளியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கான பணம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. 13 அமைப்புகள் வழியாக அரசு இப்படிக் கொடுக்கிறது. அறக்கட்டளையின் மற்ற பணிகளுக்குப் பணம் வரும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. கம்பெனி நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் சார்பில் உட்காருபவர்கள், அதற்காகக் கிடைக்கும் ஊதியத்தின் பெரும்பகுதியை இங்கே கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? அரசின் வழக்கமான படிப்பு உதவியான பாஃபொக் கணக்கைப் போலவே, குடும்ப வருமானத்தைப் பார்த்து மாதத்தொகை முடிவாகும். அதற்கு மேல் படிப்புச் செலவுக்கென்று மாதம் 300 யூரோ. இதற்கு வருமானம் பார்ப்பதில்லை. பாஃபொக்கில் வழக்கமாகப் பாதி கடன். இங்கே ஒரு சென்ட்கூடத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

தொழிலாளர் இயல்தான் படிக்க வேண்டும் என்றில்லை, எந்தப் பாடமும் சரி. வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகப் படிக்க வந்தவர்களுக்கும் இடம் உண்டு. தொழிற்சங்கத்தின் பரிந்துரையோடு போகலாம். வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் சங்கத் தொடர்பே இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கவும் தனி வழி இருக்கிறது. அது தெரியாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

விண்ணப்பத்தில் ‘எனக்குச் சமூக அக்கறை உண்டு’ என்று எழுதினால் போதாது. செய்ததைச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, பதினெட்டு வயது ஆகாத, தொழிற்பயிற்சி பெறும் பிள்ளைகளை வாரம் 40 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஷிஃப்ட் பட்டியலோடு மேலாளரிடம் போய் அதைப் பேசித் திருத்த வைத்தீர்களா? எந்த மாதம், எத்தனை பேருக்கு, அப்புறம் என்ன மாறியது என்று அப்படியே எழுதுங்கள். பள்ளியில் மாணவர் பிரதிநிதியாக இருந்ததும், அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் கணக்கில் வரும்.

படிப்பு முடியும் தறுவாயில் கேட்டால் பலன் இருக்காது. முதல் செமஸ்டர்களிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இளநிலை, முதுநிலைக்கு மாணவர் விசா மட்டும் பொதுவாகப் போதாது. ஜெர்மன் அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையோ, பாஃபொக் சட்டம் ஏற்கும் வதிவிட உரிமையோ வேண்டும். உங்கள் வதிவிட அட்டையில் எந்தச் சட்டப்பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.