கமெலான் பயிற்சி அறையில் காது பத்திரம்

பாலித் தீவின் கமெலான், அதாவது வெண்கலத் தட்டுக் கருவிகள் நிறைந்த இசைக்குழு, வகைகளில் மாணவர் குழுக்கள் பெரிதும் விரும்புவது கோங் கெப்யார். 1915 வாக்கில் வட பாலியில் உருவானது. சட்டென்று வெடித்துக் கிளம்பும் முழக்கத்துக்குப் பேர்போனது. அங்கே ஊர்ப் பொது மண்டபத்தில் வாசிப்பார்கள். சுவர் அவ்வளவாக இருக்காது, சத்தம் வெளியே போய்விடும். நாமோ இருபத்தைந்து பேரை நாலு சுவருக்குள் உட்காரவைத்துக் கதவையும் சாத்துகிறோம். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவாம்!

அந்த அறையில் ஒலி 90 டெசிபலை எளிதாகத் தாண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணிதான். ஒத்திகை முடிந்து காது 'ஙொய்' என்று இரைந்தால் அலட்சியம் வேண்டாம். உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

இந்தச் சத்தத்தில் நிறைய, இசைக்கே தேவையில்லாதது. வெண்கலப் பட்டைகளை வரிசையாக அடுக்கிய கங்சா என்னும் கருவியில் வலது கைச் சுத்தியல் அடுத்த வெண்கலப் பட்டையைத் தட்டும் அதே கணத்தில், இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முந்தைய பட்டையைப் பிடித்து அடக்க வேண்டும். புதியவர்கள் அடிப்பார்கள், அடக்க மாட்டார்கள். இருவர் பின்னி வாசிக்கும் முறைதான் கோத்தேக்கான்: போலோஸ் என்ற பகுதியை ஒருவர், சங்சிஹ் என்ற பகுதியை இன்னொருவர். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பினால்தான் மெட்டு முழுமையாகும். பட்டைகள் அடங்காவிட்டால் ஜோடியின் சுரம் காதில் விழாது. விழாததால் இன்னும் ஓங்கி அடிப்பார். ஜோடிக்காரரும் பதிலுக்கு ஓங்குவார். ஆகவே செங்செங் (சிறு கைத்தாளங்கள்), ரெயோங் (வரிசையாக வைத்த குமிழ் மணிகள்) இரண்டையும் நிறுத்திவிட்டு, ஜோடி ஜோடியாக, மெதுவாக, இடது கையைத்தான் முதலில் பழக்குகிறேன். அறையும் அடங்குகிறது, வாசிப்பும் தெளிகிறது.

காதடைப்பான் போட்டால் எதுவும் கேட்காது என்பார்கள். பஞ்சு போன்ற நுரை அடைப்பானில் அது உண்மைதான். அது உச்ச ஒலிகளை அதிகமாக வெட்டுவதால், கங்சாக்களில் மிக உச்சத்தில் ஒலிக்கும் காந்திலான் மழுங்கிப்போகும். இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். முதல் வகுப்பிலிருந்தே போடவையுங்கள். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் கொடுத்தால் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

அப்புறம், ஆசிரியர்களே, நீங்கள்! கருவிக்கு மறுபக்கம் மாணவர் எதிரில் உட்கார்ந்து, பட்டைகளைத் தலைகீழாக வாசித்துக் காட்டி, மெட்டைக் காதால் பிடிக்க வைக்கிறோம். அவர் தன் வகுப்புக்கு மட்டும் வருவார். நாம் எல்லா வகுப்பிலும் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். ஆண்டுக்கொருமுறை செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், முக்கியமாக உச்ச ஒலிகளுக்கு.