அப்பீல் போட தீர்ப்பின் கொப்பி வரும்வரை பார்த்திருக்காதீர்கள்

போன கிழமையும் ஒருவர் வந்தார். வலிகாமப் பக்கத்து ஒழுங்கை வழக்கு. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிர். வாசித்துப் பார்த்தேன், மேன்முறையீட்டில் வாதாட நல்ல விஷயம் இருந்தது. தீர்ப்புத் திகதியைப் பார்த்ததும் கோவையை மூடிவிட்டேன். மூன்று மாதம் தாண்டியிருந்தது.

"கொப்பி இப்பத்தானே சேர் கைக்கு வந்தது. இனித்தானே நாள் தொடங்கும்?"

தொடங்காது. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது! திறந்த நீதிமன்றத்தில் நீதிபதி தீர்ப்பை வாசித்த அன்றே காலம் ஓடத் தொடங்கிவிடும். அத்தாட்சிப்படுத்திய பிரதி பிந்தினாலும் ஓடும். தீர்ப்பை வைத்து நீதிமன்றம் எழுதும் முறையான கட்டளையான தீர்வை பிறகு எழுதி முடித்தாலும் ஓடும். நீங்கள் அன்றைக்கு வராமல் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாலும் ஓடும். பிரதிக்கு விண்ணப்பித்த துண்டைக் காட்டினால் காலம் நிற்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். வழக்குக்குப் போகாமல் ஒருதலைப்பட்சத் தீர்வை வாங்கியவர், அந்தத் தீர்வை தன்னிடம் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் அதை நீக்கக் கேட்கலாம். அது, சிவில் வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் இலங்கைச் சட்டமான குடியியல் நடைமுறைக் கோவையின் 86ஆம் பிரிவு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்தது அது. வழக்கை விளக்கம், அதாவது விசாரணை, வரை நடத்தித் தோற்றவருக்கு அது பொருந்தாது.

உங்களுக்கு உரியது அதே கோவையின் 754, 755ஆம் பிரிவுகள். முதலில் மேன்முறையீடு செய்யப் போகிறேன் என்று தெரிவிக்கும் மேன்முறையீட்டு அறிவித்தல், 14 நாட்களுக்குள், வழக்கு நடந்த அதே நீதிமன்றத்தில். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் கழியும். சனிக்கிழமை கழியாது. அதன்பின் மேன்முறையீட்டு மனு, தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்களுக்குள், அதுவும் அங்கேயே. இந்த 60இல் ஞாயிறு, போயா எதுவும் கழியாது. அறிவித்தல் கொடுத்ததோடு அப்பீல் போட்டாயிற்று என்று வீட்டில் படுத்துக்கொள்பவர்கள் தனி ரகம். வழக்கு முடியுமுன் இடையில் வந்த இடைக்கால கட்டளையென்றால் வழி வேறு. அனுமதி கேட்டு நேரே குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கு 14 நாட்களுக்குள் போக வேண்டும்.

"பிந்தினால் கோட்டில மன்னிப்புக் கேட்கலாம்தானே?" 765ஆம் பிரிவு இருக்கிறதுதான். ஆனால் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம் தடுத்தது என்று காட்ட வேண்டும், வழக்கிலும் பலம் இருக்க வேண்டும். கனடாவிலிருக்கும் தம்பி முடிவு சொல்லவில்லை என்பது அப்படிப்பட்ட காரணமல்ல. தம்பியிடம் வட்ஸ்அப்பில் அன்று பின்னேரமே கேளுங்கள். காணி அவர் பெயரிலென்றால் அட்டோணித் தத்துவப் பத்திரத்தில் மேன்முறையீடு செய்யும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று தீர்ப்புக்கு முன்னரே பாருங்கள்.

தோற்ற கோபத்தில் சட்டத்தரணியை மாற்றுவது உங்கள் உரிமை, எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் உங்களுக்காகத் தோன்றப் பழையவருக்குக் கொடுத்த நியமனப் பத்திரத்தை (புரொக்சி) நீதிமன்ற அனுமதியோடு மீளப்பெறாமல் புதியவர் அறிவித்தலில் கையொப்பம் வைத்தால், எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபனையே அதுவாக இருக்கும்.

தயவுசெய்து தீர்ப்பு நாளன்று நேரில் வாருங்கள். மன்றை விட்டு வெளியே வந்ததும் சட்டத்தரணியிடம் இரண்டு கடைசித் திகதிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பீல் வேண்டுமா என்று இன்னும் தீர்மானிக்காவிட்டாலும் அறிவித்தலைக் கொடுத்துவிடுங்கள். மனுப் போடாமல் விடுவது பிறகும் உங்கள் கையில்தான் இருக்கிறது.